செய்கூலி, சேதாரம்

கண்காட்சியின் இரண்டாம் நாள் மாலை. கூட்டம் கலைந்துவிட்டது. என் இளங்கலை மாணவி ஒருத்தி மட்டும் நான் செய்துவைத்திருந்த படைப்பின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். தொங்கிக்கொண்டிருந்த பொம்மைகளில் ஒன்றைக் காட்டி, "மேம், இது எங்கம்மா வேல பாக்குற பட்டறை பொம்ம. எங்கம்மா கை பட்டதாகூட இருக்கும்" என்றாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தாள். அதில் என் பெயரும் படைப்பின் தலைப்பும் இருந்தன. அதற்குக் கீழே 'கலப்பு ஊடகம்: கிடைத்த பொருட்கள்' என்று இருந்தது.

"கிடைத்த பொருட்கள்னா என்னா மேம்?"

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். சொல்லுக்குப் பொருள் கேட்டு யாரும் என்னை மடக்கியதில்லை. அன்று எனக்குப் பதில் வரவில்லை. 'கிடைத்தது' என்றால் யாரும் தராமல், யாரிடமிருந்தும் எடுக்காமல், தானாக வந்தது என்று பொருள். அந்தப் பொம்மைகள் தானாக வரவில்லை.

ஒரு பெண் இன்னொரு பெண்ணின் உழைப்பை எடுத்துக் கலை செய்யும்போது அவளுக்கு எதைக் கடன்படுகிறாள்? பெயரையா, பணத்தையா, அனுமதியையா? மாணவியின் கேள்விக்கு அன்று சொல்லாத பதிலை இந்தக் கட்டுரையில் தேடிப்பார்க்கிறேன்.

*

விருத்தாசலத்தைப் பார்க்காதவர்களுக்காக ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் இருக்கிறது. பழைய பெயர் திருமுதுகுன்றம். பக்தர்களுக்கு இது பழமலைநாதர் கோயில் ஊர். ரயில் பயணிகளுக்கு ஜங்ஷன். வியாபாரிகளுக்கோ செராமிக் ஊர். அரசு அமைத்த செராமிக் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது, தொழிலைக் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது மேல்மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர், வீட்டு மெயின் பெட்டிக்கு ஃபியூஸ் கட்டை என்று சிறு பட்டறைகளில் வேலை நடக்கிறது. அந்த வேலையில் பெரும்பகுதி பெண்களின் கையில் இருக்கிறது.

நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. வந்த எட்டாம் வருடம் என் திருமண வாழ்க்கை முடிந்தது. அதன்பிறகு கவிதை வரவில்லை. எழுத உட்கார்ந்தால் வருவதெல்லாம் புலம்பலாக இருந்தது. மூளைக்கு வேண்டாம், கைக்கு ஏதாவது வேலை கொடு என்று ஒரு தோழி சொன்னாள்.

அப்போது என் மாணவிகள் சிலர் சுடுமண் நகை செய்துகொண்டிருந்தார்கள். களிமண்ணை உருட்டி, பல்குச்சியால் கோடு கீறி, நிழலில் காயவைத்து, பழைய சட்டியில் உமியும் மரத்தூளும் போட்டுச் சுட்டு, வண்ணம் தீட்டித் தோடும் ஜிமிக்கியும் செய்வார்கள். அதை விற்றுப் பேருந்துக் கட்டணத்துக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் காசு பார்ப்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நாற்பது வயதில் இருபது வயதுப் பெண்கள் எனக்கு மண் பிசையச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இரண்டு மாதங்களில்தான் மறுபடி தூங்க ஆரம்பித்தேன்.

நகையில் ஆரம்பித்தது பெரிதாக வளர்ந்தது. ஒரு பட்டறையின் பின்புறம் உடைந்த பொம்மைகள் குவிந்துகிடந்தன. தலையில்லாத மீனவப் பெண், கையில்லாத கிருஷ்ணன், பாதி முகம் போன செட்டியார். கேட்டபோது, "குப்பதான மேடம், எடுத்துக்கங்க" என்றார்கள். இரண்டு சாக்கு நிறைய எடுத்துவந்தேன். அவற்றில் நாற்பத்தொரு பொம்மைகளைத் தேர்ந்தெடுத்து மஞ்சள் சரட்டில் தொங்கவிட்டேன். உடைந்த கழுத்துகளில் நான் செய்த சுடுமண் நகைகளைப் பூட்டினேன். கீழே பழுதான இன்சுலேட்டர்களை வரிசையாக அடுக்கினேன். தலைப்பு: 'வீட்டில் அனைவரும் நலம்.'

பார்த்த பெண்கள் சிலர் அழுதார்கள். ஒரு பத்திரிகைக்காரர் படமெடுத்துப் போனார். கவிதையில் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டேன் என்று நானும் நம்பினேன்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணவியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் போலத் தெரிந்தார். பதினெட்டு வருடமாகப் பொம்மைப் பட்டறையில் வேலை. என்ன வேலை என்று கேட்டேன். "தொடைக்கிறது" என்றார்.

தொடைப்பது என்றால் என்னவென்று சொல்ல, பொம்மை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். களிமண்ணோடு மற்றக் கனிமத் தூள்களையும் நீரில் கரைத்துத் தோசைமாவுப் பதத்தில் கூழாக்குகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் செய்த அச்சில் அதை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்சுவரை ஒட்டி மண் ஒரு தோல்போலப் படியும். படிந்தது போக மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். அதனால்தான் பீங்கான் பொம்மை உள்ளே கூடாக இருக்கிறது. அச்சு இரண்டு பாதிகளாக இருப்பதால் அவை சேரும் இடத்தில், பொம்மையின் இரு பக்கமும், தலையிலிருந்து பாதம் வரை ஒரு கோடு விழும். பொம்மை பாதி ஈரமாக இருக்கும்போது அந்தக் கோட்டைச் சிறு கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, அங்கே கோடே இருந்ததில்லை என்று ஆக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் கை முறியும், கொஞ்சம் விட்டால் கோடு தெரியும். அதன்பிறகுதான் சூளை, வண்ணம், பளபளப்புப் பூச்சு எல்லாம். அந்த அக்கா பதினெட்டு வருடமாகக் கோடு அழிக்கிறார்.

செல்போனில் என் படைப்பின் படங்களைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இத ஏன் டீச்சர் எடுத்தாந்து மாட்டுனீங்க? நல்ல பொம்ம வேணும்னா நானே கேட்டு வாங்கித் தந்திருப்பனே."

"உடைஞ்சதுலதான்க்கா ஒரு..." என்று ஆரம்பித்தேன். எப்படி முடிப்பதென்று தெரியவில்லை.

"இதுல ஒண்ணும் இல்ல டீச்சர். இது கணக்குலயே வராது. நூறு தொடச்சு அஞ்சு ஒடஞ்சா தொண்ணூத்தஞ்சுக்குத்தான் காசு. ஒடஞ்சத எல்லாம் நாலு பேர் பாக்கத் தொங்கவிட்டா, என்னா வேல பாக்குறா இவன்னுதான நெனப்பாங்க?"

நான் வலியின் படிமம் என்று எடுத்துவந்தது அவருக்குப் பிடித்துக்கொள்ளப்பட்ட கூலி. நாலு பேர் பார்க்கும் இடத்தில் மானக்கேடும்கூட.

*

அன்று இரவு வீடு திரும்பும்போது எனக்கு நகைக்கடை ரசீது நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் நகை வாங்கிய எந்தப் பெண்ணுக்கும் செய்கூலி, சேதாரம் என்ற இரண்டு சொற்களை விளக்க வேண்டியதில்லை. செய்கூலி, செய்த கைக்கான காசு. சேதாரம், உருக்கும்போதும் அராவும்போதும் மெருகேற்றும்போதும் குறைந்துபோகும் தங்கத்துக்கான காசு. இரண்டையும் வாங்குகிறவர்தான் கொடுக்கிறார். 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று கடைகள் விளம்பரம் செய்யும் அளவுக்கு அது நமக்குப் பழக்கமான பாரம். பொருள் செய்தால் சேதம் உண்டு, அந்தச் சேதத்தைச் செய்தவர் தலையில் கட்டக்கூடாது என்பது அதற்குள் ஒளிந்திருக்கும் நியாயம். கடைகள் அந்த நியாயத்தை எவ்வளவு ஊதிப் பெருக்கிக் காசாக்குகின்றன என்பது வேறு கதை.

மண்ணில் அந்த நியாயம் தலைகீழாகிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சூளைக்குப் போகும்முன் பொம்மை உடைந்தால் மண்ணுக்கு நஷ்டமில்லை. உடைந்த பச்சைப் பொம்மையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி கூழாகி அச்சுக்குப் போய்விடும். சூளையில் சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகுதான், களிமண்ணின் அமைப்போடு பிணைந்திருந்த நீர் வெளியேறி, திரும்பி மண்ணாக முடியாத பொருளாக அது மாறுகிறது. ஆக, துடைக்கும் மேசையில் ஒரு பொம்மை உடையும்போது உண்மையில் அழிவது ஒன்றுதான்: துடைத்தவளின் நேரம். பட்டறையின் மண் தொட்டிக்குத் திரும்பிவிடும், அவளுடைய அரைமணி நேரம் எந்தத் தொட்டிக்கும் திரும்பாது. எது உண்மையான சேதமோ அதற்குத்தான் கூலி இல்லை.

வீட்டு வேலைக்கும் இதே கணக்குத்தான் என்று பெண்ணியம் படித்த எந்த மாணவியும் சொல்லிவிடுவாள். பாத்திரம் கழுவியது தெரியாது, கழுவாதது தெரியும். துடைத்தது தெரியாது, துடைக்காத மூலை தெரியும். தான் செய்த சுவடே தெரியாமல் செய்வதைத் திறமை என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். அந்த அக்காவிடம், "நீங்க செஞ்சது எதுன்னு எனக்குக் காட்டணும்னா எதக் காட்டுவீங்க?" என்று கேட்டிருந்தேன். சிரித்துவிட்டு, "கீழ கெடக்குற சீவலத்தான் காட்டணும்" என்றார். அதைத்தான் அவர் அன்றாடம் செய்கிறார். பொம்மையில் எது இல்லையோ அதுதான் அவர் செய்தது.

*

இது என் ஒருத்தியின் குற்ற உணர்ச்சி மட்டுமல்ல. கலை உலகில் பெரிய பெயர்களும் இதே இடத்தில் தடுமாறியிருக்கின்றன.

அமெரிக்கப் பெண்ணியக் கலைஞர் ஜூடி சிகாகோ 1974 முதல் 1979 வரை உருவாக்கிய 'தி டின்னர் பார்ட்டி' பெண்ணியக் கலையின் மைல்கல். முக்கோண வடிவ மேசை, வரலாறு மறந்த 39 பெண்களுக்கு 39 இருக்கைகள், பீங்கான் தட்டுகள், தையல் வேலைப்பாடு செய்த விரிப்புகள். கீழே தரைக்கற்களில் இன்னும் 999 பெயர்கள். இன்று அது நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'கைவினை' என்று ஒதுக்கப்பட்ட பீங்கான் ஓவியத்தையும் பூத்தையலையும் கலையின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்த படைப்பு அது. அதைச் செய்து முடிக்க நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் உழைத்தார்கள். அவர்களுடைய பெயர்களைப் பலகைகளில் எழுதி உடன்வைத்தார் சிகாகோ. ஆனாலும் பெயரிழந்த பெண்களுக்கான படைப்பு ஒரே ஒரு பெயரால்தான் அழைக்கப்படுகிறது, அதற்குள் கூலியில்லாத பெண்ணுழைப்பு இருக்கிறது என்ற விமர்சனம் அதைவிட்டு நீங்கவில்லை.

எங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சீனாவிலிருந்து வருகிறது. 2010இல் ஐ வெய்வெய் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் தரையில் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஒவ்வொரு விதையும் கையால் வண்ணம் தீட்டியது. ஜிங்டெஜென் என்ற பழைய பீங்கான் நகரில் சுமார் 1,600 பேர், அவர்களில் ஏராளமான பெண்கள், இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் செய்த வேலை. அவர்களுக்குக் கூலி கொடுத்தார். அவர்கள் வேலை செய்வதைப் படம்பிடித்துக் கண்காட்சியில் காட்டவும் செய்தார். பார்வையாளர்கள் விதைகளின் மேல் நடக்கலாம் என்பதுதான் முதல் ஏற்பாடு. சில நாட்களிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். மிதிக்கும்போது எழும் பீங்கான் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பது காரணம்.

இந்தச் செய்தியை நான் பல வருடங்களுக்கு முன்பே படித்திருக்கிறேன். அப்போது தூசியைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது அதிலேயே நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பத்து நிமிடம் நடக்கிறவருக்காகக் கயிறு கட்டுகிறோம். அதே தூசியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கட்டினோம்? அந்த அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொள்கிறார்.

வேறு வழியும் உண்டு. நவ்ஜோத் அல்தாஃப் மும்பையில் வாழும் கலைஞர். 1990களின் பிற்பகுதியிலிருந்து சத்தீஸ்கரின் கொண்டகாவோனில் சாந்திபாய், ராஜ்குமார் கோரம், கெஸ்ஸூராம் ஆகிய உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்தார். அவர்கள் கூடிச் செய்தவற்றில் 'நல்பார்' என்று அழைக்கப்படும் கைப்பம்பு இடங்கள் உண்டு. தண்ணீர் எடுக்கும் பெண்கள் குடத்தைத் தலைக்கு ஏற்றுமுன் இடையில் இறக்கிவைக்க அங்கே மாடங்கள் அமைத்தார்கள். அங்கே அழகை முடிவுசெய்தது குடம் சுமக்கிறவளின் முதுகு. பெயர் போடுவதற்கும் முன்னால் அவளிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. நான் கேட்காமல்விட்ட கேள்வியும் அதுதான்.

*

என் பாடத்துக்கே திரும்புகிறேன். ஒவ்வொரு வருடமும் புறநானூற்றின் 66ஆம் பாடலை நடத்துகிறேன். பாடியவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகில் புண்பட்ட சேரன், அதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். வென்ற கரிகாலனை நேரே பார்த்து, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்கும் பாடல் அது. பரிசு தரக்கூடிய கையைப் பார்த்து, தோற்றவனின் பக்கத்தைச் சொன்ன துணிச்சலை வகுப்பில் நான் வியந்து பேசுவேன். வெண்ணி ஊர், குயத்தி தொழில் என்று பெயரைப் பிரித்துக் காட்டுவேன். அதோடு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன்.

அவருடைய சொந்தப் பெயர் என்ன? தெரியாது. ஊரும் தொழிலும்தான் மிஞ்சின. காவற்பெண்டுக்கும் இதே கதி. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. பானையை வைத்திருந்தவர்களின் பெயர்களாக அவற்றைக் கருதுகிறார்கள். வனைந்தவர் எங்கும் பெயர் எழுதவில்லை. வனைந்த குடும்பத்துப் பெண்ணோ இன்னும் ஒரு படி பின்னால். தமிழகத்துக் குயவர் குடும்பங்கள் பலவற்றில் சக்கரம் ஆணுடையது. மண்ணைச் சலிப்பதும் பிசைவதும் காயவைப்பதும் சுமந்து விற்பதும் பெண்ணுடையவை. அது பெண்ணின் இயல்பு என்று யாராவது சொன்னால் அவர்களை மணிப்பூரின் ஆந்த்ரோ கிராமத்துக்கு அனுப்பலாம். அங்கே பானை செய்வதே பெண்கள்தான், சக்கரமே இல்லாமல்.

புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி ஈமத்தாழியை அகலமாகச் செய்யச் சொல்லிக் குயவனைக் கேட்கிறாள். அவள் துயரத்துக்கு உரை எழுதியிருக்கிறோம். அந்தத் தாழிக்கு மண் பிசைந்தவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. என் நாற்பத்தொரு பொம்மைகளிலும் நான் அதைத்தான் செய்தேன். என் துயரத்துக்குத் தாழி வேண்டும் என்று கேட்டேன், செய்தவளைக் 'கிடைத்த பொருட்களில்' சேர்த்துவிட்டேன்.

*

இதற்கு எதிராக நானே எனக்குச் சொல்லிக்கொண்ட வாதங்கள் உண்டு. அவற்றையும் மறைக்கக் கூடாது.

ஒன்று, கலை எப்போதும் மற்றவர் வாழ்க்கையிலிருந்துதான் எடுக்கிறது. இப்படிக் கணக்குப் பார்த்தால் ஒரு கவிதைகூட எழுத முடியாது. உண்மைதான். என் பாட்டியைப் பற்றி, பேருந்தில் பார்த்த பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறேன், யாருக்கும் காசு கொடுத்ததில்லை. ஆனால் பேருந்தில் பார்த்தவளின் முகத்தை எழுதுவதும், அவள் கூலி இழந்து செய்த பொருளைத் தூக்கிவந்து மாட்டுவதும் ஒன்றல்ல. முதலாவதில் அவளிடமிருந்து எதுவும் குறையவில்லை. இரண்டாவதில் ஏற்கெனவே குறைக்கப்பட்டதை நான் அழகு என்றேன்.

இன்னொன்று, உடைந்தவள் நானும்தானே. அந்தச் சரடு என்னுடையது. வலியில் நாங்கள் இருவரும் சகோதரிகள் இல்லையா? எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது, அதனாலேயே இதை அதிகம் சந்தேகிக்கிறேன். நான் உடைந்த காலத்தில் மாதாமாதம் சம்பளம் வந்தது. விடுப்பு எடுக்க முடிந்தது. என் உடைவைப் படைப்பாக்கி மரியாதை வாங்க முடிந்தது. அவர் கையில் உடைந்தது அன்றைய கணக்கில்கூட வரவில்லை. 'பெண்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் எங்கள் இருவரையும் போட்டுக் கட்டும்போது, யாருடைய சேதாரத்தை யார் ஏற்கிறார்கள் என்பது மறைந்துவிடுகிறது. சகோதரித்துவம் பேசும் நாம் ரசீதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வாதத்தை அந்த அக்காவே சொன்னார். அடுத்த கண்காட்சியில் உங்கள் பெயரையும் போடுகிறேன் என்று சொல்லப் போனேன். என் பிராயச்சித்தம் அதோடு முடிந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு.

"பேரெல்லாம் வேணாம் டீச்சர். மொதலாளி பாத்தா, வெளிய போயி என்னா பேசுனன்னு கேப்பாரு. வேலைக்கு வேட்டு வெச்சிராதீங்க."

பெயர் கொடுப்பதுகூட எனக்கு இருக்கும் பாதுகாப்பிலிருந்துதான் எனக்குத் தோன்றியிருக்கிறது. பெயரைச் சொல்வது உரிமை. சொல்லாமல் இருப்பதும் அவருக்குரிய உரிமைதான், அதை நான் அவருக்காக முடிவுசெய்ய முடியாது.

*

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வன்னி மரம் இருக்கிறது. விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்கு அந்த மரத்தின் இலைகளைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்றபடி அந்த இலைகள் காசாக மாறினவாம். நான் கோயிலுக்கு அதிகம் போகிறவள் இல்லை. ஆனால் இந்தக் கதையை நினைத்துப் பார்ப்பதுண்டு. அதில் கணக்கெழுதும் மேஸ்திரி இல்லை, கூலியைப் பிடித்துக்கொள்ளும் முதலாளி இல்லை. ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்ற பேச்சு இல்லை. இலைக்கு உழைப்பு தெரிந்திருக்கிறது. கூலி குறைந்த யாரோ இரவில் படுத்துக்கொண்டு கண்ட கனவாகத்தான் அது எனக்குப் படுகிறது.

நம்மிடம் அந்த மரம் இல்லாததால் நாமேதான் கணக்கெழுத வேண்டும்.

பழைய படைப்பைக் கலைத்துவிட்டேன். சரடுகளை அறுத்து, பொம்மைகளைத் திரும்பச் சாக்கில் கட்டினேன். புதிதாகச் செய்வதற்கு அந்த அக்காவைக் கூட்டாளியாகக் கேட்டேன். ஒரு வாரம் யோசித்துச் சரி என்றார். எந்தப் பொம்மை என்பதை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும், எவ்வளவு காசு என்பதை அவர் சொல்ல வேண்டும், செய்யும்போது எத்தனை உடைந்தாலும் அத்தனைக்கும் நான் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். முதலில் மிகக் குறைவாகச் சொன்னார். மகள்தான் அம்மாவை அதட்டித் தொகையை ஏற்றினாள்.

அச்சு ஊற்றித்தந்த பச்சைப் பொம்மைகளை விலைக்கு வாங்கினோம். விடுமுறை நாட்களில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்தோம். அவர் துடைத்தார், நான் நகை செய்தேன். ஒருநாள், "அக்கா, ஒரே ஒரு பொம்மையில அந்தக் கோட்ட அப்படியே விட்டுடலாமா? உங்க வேல என்னன்னு பாக்குறவங்களுக்குத் தெரியும்" என்றேன். என் கவிதை மூளை மறுபடி தலைதூக்கியது.

"கோட்ட விட்டா வேல தெரிஞ்ச மாரி இருக்காது டீச்சர், வேல செய்யாத மாரி இருக்கும்" என்றார்.

நான் விட்டுவிட்டேன். அவருடைய கைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அவர் வேலையைப் பார்வைக்குக் கொண்டுவருகிறேன் என்ற பெயரில், அவருக்குப் பெருமையானதை நான் கெடுக்க முடியாது. ஆனால் பேச்சோடு பேச்சாக அவர் முன்னால் சொன்ன சீவல் எங்கள் இருவருக்குமே நினைவிருந்தது. ஒரு நாளில் சீவி விழுந்த மண்ணை அவரே கூட்டி அள்ளி ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டினார். "இத வெக்கிறதுன்னா வெச்சுக்கலாம்" என்றார்.

அந்தப் படைப்பில் இப்போது ஒன்பது பொம்மைகள் இருக்கின்றன. ஒன்றுகூட உடைந்ததில்லை, ஒன்றிலும் கோடில்லை. ஒவ்வொன்றின் கழுத்திலும் சுடுமண் நகை, முன்னால் ஒரு தட்டுச் சீவல். பழையதைப் பார்த்து அழுதவர்கள் இதைப் பார்த்து அழவில்லை. முந்தியதில்தான் உணர்ச்சி அதிகம் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். அந்த உணர்ச்சியின் விலையை நான் கொடுக்கவில்லை என்பதை அவரிடம் சொன்னேன்.

கண்காட்சிக்கான படிவத்தில் கலைஞர் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. பெயர்க் கட்டத்தில் என் பெயரை எழுதி, 'மற்றும் ஒருவர். அவர் தன் பெயரை வெளியிடும் நிலையில் இல்லை' என்று சேர்த்தேன். வெண்ணிக் குயத்தியாரைப் போல ஊரையும் தொழிலையும் மட்டும் எழுதி நிரப்ப மனம் வரவில்லை. அங்கே ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்ல முடியாத நிலையும் இருக்கிறது என்பதாவது படிக்கிறவருக்குத் தெரியட்டும்.

ஊடகம் என்ற கட்டத்தில் பீங்கான், சுடுமண், சீவல் என்று எழுதினேன். அதற்குக் கீழே கட்டம் எதுவும் இல்லை. நானே இரண்டு கோடு போட்டு, செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று தொகையை எழுதினேன். சேதாரம் ஏழு பொம்மை. அந்த ஏழுக்கும் காசு கொடுத்தாகிவிட்டது.